பேசப்பட்டவர்கள் பேசத் தொடங்கியபோது: கோகா இலையும் ஐ.நா.வின் போதைச் சட்டமும்

1961ல் நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாடு ஆண்டஸ் மலைத்தொடரில் வாழும் பல லட்சம் மக்களுக்கு ஒரு கெடு வைத்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள் அவர்கள் கோகா இலை மெல்லுவதை நிறுத்திவிட வேண்டும். ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது 1964 டிசம்பரில். ஆக, கணக்குப்படி 1989 டிசம்பரோடு அந்த மலைகளில் கடைசி வாயும் மென்று முடித்திருக்க வேண்டும். காட்டில் தானாக முளைத்த கோகாச் செடியையும் வேரோடு பிடுங்கி எறியச் சொல்லி அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவு. போதைப்பொருள் ஒற்றை ஒப்பந்தம் என்று பெயர். இன்றைக்கும் உலக நாடுகளின் போதைச் சட்டங்களுக்கெல்லாம் தாய் அதுதான். நம்மூர் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் உட்பட.

போதைச் சட்டச் சீர்திருத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போர்ச்சுகல், ஹாலந்து, அப்புறம் நல்லெண்ணம் கொண்ட சில ஐரோப்பிய மருத்துவர்கள். பயன்படுத்துகிறவனைக் குற்றவாளியாகப் பார்க்காதே, நோயாளியாகப் பார் என்பது அவர்கள் வாதம். நல்லது. ஆனால் இந்தச் சொல்லாடலுக்குள் குற்றவாளி, நோயாளி என்று இரண்டே இருக்கைகள்தான். மூன்றாவதாக ஒருவர் வந்து, 'நான் இரண்டுமே இல்லை, இது என் இலை' என்று சொன்னால் அவரை எங்கே உட்கார வைப்பது? சர்வதேசப் போதைச் சட்டத்தின் சுவரில் உண்மையிலேயே ஒரு விரிசலை உண்டாக்கியவர்கள் இப்படி மூன்றாவதாக வந்த பொலிவியக் குடியானவர்கள். இதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பேசவேண்டும், ஏனென்றால் இதில் கொண்டாட நிறைய இருக்கிறது. கொண்டாட முடியாததும் இருக்கிறது.

முதலில் அந்த இலையைப் பற்றி. வெற்றிலை போடுகிற சமூகத்துக்கு இதை விளக்குவது சுலபம். காய்ந்த கோகா இலைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். கூடவே செடிச் சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துப் பிசைந்த 'லிப்தா' என்ற ஒரு உருண்டையிலிருந்து துளி கிள்ளி வைத்துக்கொள்கிறார்கள். நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அதே ரசாயனம்தான். காரம் சேர்ந்தால்தான் இலைச்சத்து இறங்கும். அய்மாரா மொழியில் இதற்கு அகுல்லிகு என்று பெயர். பசி தெரியாது, அலுப்பு தெரியாது, பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்குவது குறையும். பெண் கேட்டுப் போனால் கோகா, சங்கக் கூட்டம் தொடங்கினால் கோகா, நிலத்தாய் பச்சமாமாவுக்குப் படையல் வைத்தால் கோகா, குறி பார்த்தால் கோகா. நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை மாற்றுகிறவர்களிடம் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இலையில் கொக்கைன் இருக்கிறதா? இருக்கிறது. காய்ந்த இலையின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மானிய வேதியியலாளர்கள், 1860 வாக்கில். மண்ணெண்ணெய், கந்தக அமிலம், சுண்ணாம்பு என்று ஒரு பட்டறையே வேண்டும் அதற்கு. கோகா வேறு, கொக்கைன் வேறு என்று பொலிவியக் குடியானவர்கள் சொல்வது வெறும் கோஷமில்லை. ஆனால் ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கல் கடைசிவரை நம்மோடு வரும்.

ஐ.நா. கண்டுபிடித்த தடை இல்லை இது. ஸ்பானியர்கள் வந்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே, 1551ல், லிமாவில் கூடிய திருச்சபை மன்றத்தில் கோகாவுக்கு எதிராகக் குரல் எழுந்துவிட்டது. விக்கிரக ஆராதனைக்குத் துணைபோகிற இலை, சாத்தானின் இலை. அதே நேரத்தில் பொடோசி வெள்ளிச் சுரங்கத்தில் இந்தியர்கள் (அமெரிக்க இந்தியர்களைச் சொல்கிறேன்) அடித்தளத்தில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்தார்கள். சோறு குறைவாகவும் இலை நிறையவும் கொடுத்தால் வேலை ஓடும் என்று சுரங்க முதலாளிகளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. பிறகென்ன, சாத்தானின் இலைக்கு வரி போட்டு வசூல் செய்தது காலனிய அரசு. இலை பாவமாவதும் பண்டமாவதும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்கிற பாடம் அன்றைக்கே எழுதப்பட்டாகிவிட்டது.

சாத்தான் போய் அந்த இடத்துக்கு மருத்துவம் வருவது இருபதாம் நூற்றாண்டில். 1949ல் ஐ.நா. ஒரு விசாரணைக் குழுவைப் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் அனுப்பியது. தலைவர் ஹோவர்ட் ஃபோண்டா, அமெரிக்க மருந்துத் தொழிலைச் சேர்ந்தவர். லிமாவில் வந்து இறங்கி, விசாரணை தொடங்குவதற்கு முன்பே பத்திரிகைக்காரர்களிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: கோகா மெல்லுவது தீங்கானது, இனச்சீரழிவுக்கு அதுவே காரணம். விசாரணை அதற்கப்புறம் நடந்தது! 1950ல் வந்த அறிக்கை கொஞ்சம் நாசூக்காக எழுதப்பட்டிருந்தது. கண்டிப்பான மருத்துவ அர்த்தத்தில் இது அடிமைப்பழக்கம் இல்லை, ஆனால் தீய பழக்கம். பசியை மறக்கடித்துச் சத்துக்குறைவை நிலைநிறுத்துகிறது, உழைப்பின் திறனைக் குறைக்கிறது, ஆகவே படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றது. சில ஆண்டுகளிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அந்த நாசூக்கையும் கைவிட்டு, இது அடிமைப்பழக்கமேதான் என்று வகைப்படுத்திவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிலம் பண்ணையார்களிடம் இருக்கிறது, இந்தியன் கூலியில்லாமல் உழுகிறான், பட்டினி கிடக்கிறான், பட்டினியைத் தாங்க இலை மெல்லுகிறான். அறிக்கை இந்த வரிசையைத் தலைகீழாக வாசிக்கிறது: இலை மெல்லுகிறான், அதனால் பட்டினி கிடக்கிறான். நிலச்சீர்திருத்தம் என்கிற அரசியல் கேள்வி, செடி ஒழிப்பு என்கிற சுகாதாரக் கேள்வியாக உருமாறிவிடுகிறது. பொலிவியாவில் நிலச்சீர்திருத்தம் வந்தது 1953ல், ஒரு புரட்சிக்குப் பிறகு. இலை மெல்லுவது அதனால் நின்றுவிடவில்லை, பண்ணையடிமை முறைதான் நின்றது. மருத்துவ அறிவு எப்படித் தன் பொருளைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது என்று ஃபூக்கோ சொல்வதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் தேடவேண்டியதில்லை. இதில் நோயாளி என்று வரையறுக்கப்பட்ட யாரும் நோய் என்று வந்து நின்றதில்லை.

நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கஞ்சாவுக்கும் இருபத்தைந்து வருஷக் கெடு உண்டு. ஆனால் 'கஞ்சா' என்பதற்கு ஒப்பந்தம் தரும் வரையறையை எடுத்துப் பார்த்தால் பூ, காய்க்கும் நுனிகள் மட்டும்தான். நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அதில் சேராது. அதாவது பாங்கு தப்பித்துவிட்டது. வடக்கே ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் சில மாநிலங்களில் அரசாங்க அனுமதியோடே பாங்கு விற்பது இந்த ஓட்டை வழியாகத்தான். எப்படி வந்தது இந்த ஓட்டை? பேச்சுவார்த்தை மேசையில் இந்தியா உட்கார்ந்திருந்தது. ஐ.சி.எஸ். படித்த அதிகாரிகள் எங்கள் நாட்டு வழக்கம் இது என்று எடுத்துச் சொல்ல முடிந்தது, 49ஆம் பிரிவின் கீழ் விலக்குரிமை எழுதி வாங்க முடிந்தது. ஒரு செடிக்கு இலையை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு செடியில் இலையையே முதல் அட்டவணையில், ஹெராயினோடு சேர்த்துப் போடுகிறார்கள். ஆண்டஸ் நாடுகளுக்கும் மேசையில் நாற்காலி இருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தவர்கள் கோகா மெல்லுகிற தன் நாட்டுக்காரனைப் பார்த்து வெட்கப்பட்ட வெள்ளை, கலப்பின மேட்டுக்குடிகள். ஐ.நா. குழுவை வரச்சொல்லிக் கேட்டதே பெரு அரசாங்கம்தான். பொலிவியா ஒற்றை ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1976ல், ஹூகோ பான்சர் என்ற ராணுவ சர்வாதிகாரியின் கையால். தேசம் பேசிவிட்டால் மக்கள் பேசிவிட்டதாகக் கணக்கெழுதுவது சர்வதேசச் சட்டத்தின் பழைய தந்திரம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 27ஆம் பிரிவு: கொக்கைன் நீக்கப்பட்ட வாசனைப்பொருள் தயாரிக்கக் கோகா இலையைப் பயன்படுத்தலாம். உலகத்தில் யாருக்கு அந்த வாசனை தேவைப்பட்டது என்று யோசிக்கவே வேண்டாம், பாட்டிலிலேயே பெயர் இருக்கிறது. மலைக்காரன் கன்னத்தில் வைத்தால் சீரழிவு, நியூஜெர்சித் தொழிற்சாலை அண்டாவில் போட்டால் வாசனை.

பாதிக்கப்பட்டவர்கள் எழுந்து பேசத் தொடங்கியது எப்படி என்பதற்கு வருவோம். இங்கேதான் 'பூர்வகுடித் தலைமை' என்ற சொல்லை அவசரப்படாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. 1985ல் பொலிவிய அரசு 21060 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. பிற்பாடு நாமெல்லாம் தாராளமயம் என்று அறிந்துகொண்டதன் முரட்டு வடிவம். வெள்ளீயச் சுரங்கங்கள் மூடப்பட்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் கொச்சபாம்பா மாவட்டத்தின் சாப்பாரே என்னும் வெப்பக்காட்டுப் பகுதிக்கு இறங்கி வந்தார்கள். மலைமேல் வறட்சியாலும் பனியாலும் நொடித்துப்போன விவசாயிகளும் வந்தார்கள். ஒரூரோ மாவட்டத்து அய்மாராக் குடும்பம் ஒன்றில் பிறந்த எவோ மொராலஸ் இப்படி வந்தவர்களில் ஒருவர். அங்கே போட்டால் முளைக்கிற, வருஷத்துக்கு மூன்று நாலு அறுவடை தருகிற, சந்தை உள்ள ஒரே பயிர் கோகா.

சுரங்கத் தொழிலாளிகள் கையில் நஷ்டஈட்டுப் பணம் கொஞ்சம், தலையில் அரை நூற்றாண்டுத் தொழிற்சங்க அனுபவம். காட்டில் அரசாங்கமே இல்லாத இடத்தில் சங்கமே அரசாங்கம் ஆயிற்று. நிலம் பிரித்துக் கொடுப்பது, பாதை போடுவது, தகராறு தீர்ப்பது, பள்ளிக்கூடம் கட்டுவது எல்லாம் 'சிந்திகாத்தோ' என்னும் கிராமச் சங்கம். சங்கங்கள் சேர்ந்து ஆறு கூட்டமைப்புகள், அவற்றுக்கு ஒரு ஒருங்கிணைப்புக் குழு. 1988 ஜூனில் வில்லா துனாரியில் திரண்ட குடியானவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுடப்பட்டும் தப்பி ஓடி ஆற்றில் விழுந்தும் செத்தார்கள். அடுத்த மாதமே 1008ஆம் எண் சட்டம் வந்தது: மரபான சாகுபடிக்கு 12,000 ஹெக்டேர், பெரும்பாலும் லா பாஸுக்குப் பக்கத்திலுள்ள யுங்காஸ் பள்ளத்தாக்குகளில், சாப்பாரேவின் கோகா 'உபரி', அது அழிக்கப்படும். அமெரிக்கப் பணமும் அமெரிக்க அதிகாரிகளும் உடனிருக்க, செடி பிடுங்கும் படைகள் வந்தன. அடுத்த பதினைந்து வருஷமும் சாப்பாரே ஒரு யுத்தகளம்.

இந்தப் பின்னணியில்தான் 'புனித இலை' என்கிற பேச்சு வலுப்பெறுகிறது. 1994ல் லா பாஸுக்கு நடந்த நெடும்பயணத்தில் கோகா, உயிர், தேச இறையாண்மை மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. 1995 டிசம்பரில் பெண்கள் தனியாகவே கிளம்பினார்கள். கைக்குழந்தைகளோடு மழைக்காலத்தில் மலையேறி ஜனவரியில் தலைநகரை அடைந்தார்கள். படைகள் வீட்டுக்குள் நுழையும்போது எதிரே நின்றவர்கள் அவர்கள்தானே. ஒரு வர்க்க அமைப்பு, தொழிற்சங்க உடலோடு, பூர்வகுடி மொழியில் பேசத் தொடங்குகிறது. இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு: 'இவர்கள் குடியேறிகள், கோகா சாகுபடிக்கு வந்தவர்கள், மரபு எங்கிருந்து வந்தது?' காயத்ரி ஸ்பிவாக் சொன்ன தந்திரோபாய சாராம்சவாதம் என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடவும் செய்யலாம். எனக்கு இரண்டுமே போதவில்லை. அந்த மக்கள் கெச்சுவாவும் அய்மாராவும் பேசுகிறவர்கள், தினமும் மெல்லுகிறவர்கள். அவர்கள் விளைவித்த இலையில் பெரும்பகுதி மெல்லுவதற்குப் போகவில்லை என்பதும் நிஜம். சந்தை அப்படி. அடையாளம் இங்கே முகமூடியாக இல்லை. ஆனால் சுத்தமாகவும் இல்லை. சுத்தமான அடையாளத்தோடு வந்தால்தான் பேசவிடுவோம் என்று சொல்கிறவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்.

2002 தேர்தலில் அமெரிக்கத் தூதர் மானுவல் ரோச்சா, எவோவுக்கு ஓட்டுப் போட்டால் அமெரிக்க உதவி நின்றுபோகும் என்று பொலிவியர்களை எச்சரித்தார். எவோவின் ஓட்டு எகிறி அவர் இரண்டாமிடத்துக்கு வந்தார். (அந்த ரோச்சா பல பத்தாண்டுகளாகக் கியூபாவின் ஏஜெண்டு என்று 2024ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு பதினைந்து வருஷச் சிறைக்குப் போனார். நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.) 2005 டிசம்பரில் எவோ பாதிக்கு மேற்பட்ட ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார். 2006ல் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு கோகா இலையைத் தூக்கிக் காட்டிப் பேசினார். 2009 மார்ச்சில், வியன்னாவில் போதைப்பொருள் ஆணையத்தின் கூட்டத்திலேயே இலையை வாயில் போட்டு மென்றார். அதற்கு ஒரு வருஷம் முன்புதான், ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேச வாரியம் கோகா மெல்லுவதைத் தடைசெய்யச் சொல்லிப் பொலிவியாவையும் பெருவையும் கேட்டிருந்தது. சபையில் தடைசெய்யப்பட்ட பொருள், தடைசெய்யப்பட்ட செயல், செய்கிறவர் நாட்டின் தலைவர். என்ன செய்வார்கள்? கைதட்டினார்கள் சிலர்.

நாடகம் ஒருபுறம். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அடுத்து வந்த சட்ட வேலை. அந்த 2009லேயே பொலிவியாவின் புதிய அரசியல் சட்டம், 384ஆம் பிரிவில், இயற்கை நிலையிலுள்ள கோகா போதைப்பொருள் அல்ல, பண்பாட்டுச் சொத்து என்று எழுதியது. ஆக நாட்டின் அரசியல் சட்டம் ஒன்று சொல்கிறது, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறொன்று சொல்கிறது. பொலிவியா முதலில் மரியாதையான வழியில் போயிற்று: 49ஆம் பிரிவில் கோகா மெல்லுதல் பற்றிய வாசகங்களை மட்டும் நீக்கும்படி ஒரு திருத்தம் கேட்டது. இலையை அட்டவணையிலிருந்து எடுக்கக்கூடக் கேட்கவில்லை. பதினெட்டு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் திருத்தம் நிறைவேறும். 2011 ஜனவரி இறுதிக் கெடுவுக்குள் அமெரிக்கா, பிரிட்டன், ஸ்வீடன் என்று பதினெட்டு நாடுகள் ஆட்சேபித்தன. கோகா மெல்லுவது நல்லதா கெட்டதா என்றுகூட அவர்கள் பேசவில்லை. ஒரு செங்கல்லை உருவினால் கட்டடம் சரிந்துவிடும், ஒப்பந்தத்தின் முழுமை கெடும் என்பதுதான் வாதம். முழுமை என்பது இங்கே யாருடைய முழுமை?

பிறகு பொலிவியா செய்தது அதுவரை போதை ஒப்பந்தங்களின் வரலாற்றில் யாரும் செய்யாதது. 2011 ஜூனில் ஒப்பந்தத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. 2012 ஜனவரி முதல் தேதி விலகல் அமுலுக்கு வந்தது. உடனே திரும்பச் சேர விண்ணப்பித்தது, ஒரு விலக்குரிமையோடு: தன் எல்லைக்குள் மரபாகக் கோகா மெல்லுவதையும், இலையை இயற்கை நிலையில் பண்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்துவதையும், அதற்கு வேண்டிய சாகுபடியையும் வியாபாரத்தையும் அனுமதிக்கும் உரிமை. விதிப்படி உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு ஆட்சேபித்தால்தான் இதைத் தடுக்க முடியும். அறுபத்திரண்டு நாடுகள் வேண்டும். 2013 ஜனவரியில் கெடு முடிந்தபோது பதினைந்துதான் தேறின. முதல் முறை ஒரே ஒரு ஆட்சேபம் போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறை ஆட்சேபிக்கிறவர்கள்தான் ஆள் சேர்க்க வேண்டும். வாசலை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். (இரண்டு பட்டியலிலுமே இந்தியா இல்லை. அது அனுதாபமா அக்கறையின்மையா என்பது வேறு விஷயம்.)

உள்நாட்டில் நடந்ததும் இதற்குச் சமமானதுதான். 2004ல், எவோ ஆட்சிக்கு வருமுன்பே, சாப்பாரேச் சங்கங்கள் ஒரு ஒப்பந்தத்தை வென்றிருந்தன: குடும்பத்துக்கு ஒரு 'காத்தோ', அதாவது 1,600 சதுர மீட்டர் கோகா, பிடுங்கமாட்டார்கள். எவோ ஆட்சியில் இது 'சமூகக் கட்டுப்பாடு' என்ற முறையாக விரிந்தது. அளவுக்குமேல் போட்டால் சங்கமே கண்டுபிடிக்கும், சங்கமே அபராதம் விதிக்கும். 2008 இறுதியில் அமெரிக்கப் போதைத் தடுப்புப் படையை வெளியேறச் சொன்னபோது கோகா காடாகப் பெருகும் என்று ஆரூடம் சொன்னார்கள். ஐ.நா.வின் சொந்தக் கணக்குப்படியே சாகுபடிப் பரப்பு 2010ல் 31,000 ஹெக்டேர், 2015ல் 20,200. சுடாமலே குறைந்தது. பின்னால் மறுபடி ஏறவும் செய்தது, 2020ல் 29,400. ஆனால் துப்பாக்கி வைத்துப் பிடுங்கிய வருஷங்களில் ஏறி இறங்கியதைவிட இது மோசமில்லை, பிணங்கள் முன்புபோல விழவில்லை என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி கொண்டாட முடியாத பக்கம். சட்டப்படி கோகா விற்க வேண்டியது லா பாஸில் வில்லா பாத்திமா சந்தையிலும் கொச்சபாம்பாவில் சகாபா சந்தையிலும். சாப்பாரே இலையில் மிகப் பெரும்பகுதி இந்தச் சந்தைப் பக்கமே வருவதில்லை என்று ஐ.நா. கண்காணிப்பு அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்லிவந்தன. மெல்லுகிறவர்கள் விரும்புவது யுங்காஸ் இலையைத்தான். சின்னது, மிருதுவானது, இனிப்பானது. 2017ல் புதிய கோகா சட்டம் மொத்தப் பரப்பை 22,000 ஹெக்டேராக உயர்த்தி, அதில் 7,700ஐக் கொச்சபாம்பாவுக்கு, அதாவது எவோவின் சொந்தச் சங்கங்களுக்கு, சட்டபூர்வமாக்கியது. யுங்காஸ் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இலையை விளைவித்தவர்கள் கோகா ஜனாதிபதியின் போலீசிடம் அடிவாங்கினார்கள்.

அதைவிடக் கசப்பானது திப்னிஸ். யுராகாரே, சிமானே, மொஹேஞோ மக்களின் காட்டுப்பகுதி அது. பூர்வகுடி நிலமாகவும் தேசியப் பூங்காவாகவும் சட்டம் அங்கீகரித்தது. அதன் தென்கோடியில் கோகா விவசாயிகள் ஏற்கெனவே குடியேறி இருந்தார்கள். காட்டை ஊடறுத்து வில்லா துனாரியிலிருந்து ஒரு நெடுஞ்சாலை போட எவோ அரசு முடிவெடுத்தது. 2011 ஆகஸ்டில் தாழ்நிலப் பூர்வகுடிகள் தலைநகருக்கு நடந்தார்கள், சாப்பாரேக்காரர்கள் முன்பு நடந்தது போலவே. செப்டம்பர் 25 அன்று சாபரீனா என்ற இடத்தில் போலீஸ் அவர்களை அடித்து, வாயில் நாடா ஒட்டிப் பஸ்களில் ஏற்றியது. பொலிவியா ஒற்றை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வியன்னாவில் பூர்வகுடி உரிமை, சாபரீனாவில் வாய்க்கட்டு. எதிர்ப்பு நாடெங்கும் எழுந்ததால் திப்னிஸைப் பாதுகாக்கும் சட்டம் அக்டோபரில் வந்தது. 2017ல் அதையும் ரத்து செய்தார்கள். 'பூர்வகுடி' என்று ஒற்றைக் குரலாகச் சொல்லும்போது மலைக்காரன் குரல் காட்டுக்காரன் குரலை விழுங்கிவிடுகிறது. இதைச் சொல்வதற்கு ஏகாதிபத்தியத்தின் கையாளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம் தோழர்கள் சிலர் அன்றைக்கு அப்படித்தான் பேசினார்கள்.

இலைக்குத் திரும்புவோம். 2013ல் கிடைத்தது விலக்குரிமைதான், விடுதலை இல்லை. அது பொலிவிய எல்லையோடு நின்றுவிடுகிறது. இலை முதல் அட்டவணையிலேயே இருந்தது. அதை அசைக்க வேண்டுமானால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு புதிதாக ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கும் ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதுவே ஐ.நா.வின் இன்னொரு அமைப்போடு சேர்ந்து கொக்கைன் பற்றிப் பல நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கோகா இலை மெல்லுவதால் குறிப்பிடத்தக்க உடல்தீங்கு எதுவும் தெரியவில்லை என்று அதில் வந்தது. 1995ல் அமெரிக்கப் பிரதிநிதி நிதியை நிறுத்துவோம் என்று மிரட்ட, ஆய்வு வெளியிடப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. 1950 அறிக்கையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2023ல் பொலிவியா அதே நிறுவனத்திடம் முறையாக விண்ணப்பித்தது. கொலம்பியா துணைக்கு நின்றது. முன்னெடுத்தவர் அப்போதைய துணை ஜனாதிபதி டேவிட் சோகேவாங்கா, அய்மாராக்காரர்.

இந்த விண்ணப்பத்தில் முட்டுக்கட்டையாக நின்றது இலையின் தீங்கே இல்லை. ஒற்றை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு இரண்டு அளவுகோல் வைக்கிறது: ஒரு பொருள் தானே தீங்கானதாக இருக்கலாம், அல்லது தீங்கான ஒன்றாக மாற்றத்தக்கதாக இருக்கலாம். முதல் அளவுகோலில் இலை தப்பித்தாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது. முன்னே சொன்ன சிக்கல் இதுதான். ஆனால் மாற்றுகிறவன் கையில் மண்ணெண்ணெயும் அமிலமும் இருக்கிறது; அவை எந்த அட்டவணையில் இருக்கின்றன? 1988 ஒப்பந்தத்தில் கந்தக அமிலம் போன்ற ரசாயனங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கண்காணிப்போடு விற்கலாம், வாங்கலாம், தொழில் நடத்தலாம், யாரும் அமிலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கு வேண்டிய பொருளுக்குக் கண்காணிப்பு, குடியானவனுக்கு வேண்டிய பொருளுக்கு ஒழிப்பு. இலையையும் அமிலத்தைப் போல நடத்துங்கள் என்று கேட்டாலே போதும், பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

லா பாஸில் எந்தப் பெட்டிக்கடையிலும் கோகாத் தேயிலைப் பொட்டலம் கிடைக்கும். 2013க்குப் பிறகு பொலிவியாவுக்குள் அது ஒப்பந்தப்படியே சட்டபூர்வமானது. ஸ்பெயினில் வீட்டுவேலை செய்யும் மகளுக்கு அதில் ஒன்றைத் தபாலில் போட்டால் சர்வதேசச் சட்டப்படி அது போதைக்கடத்தல். அதே இலை டன் கணக்கில், 27ஆம் பிரிவின் துணையோடு, பெருவிலிருந்து நியூஜெர்சிக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது.